செல்வவிநாயகர் நகரின் அரிப்பு

ஆற்றுக்குத் தெற்கேயும் ரயில் தண்டவாளத்துக்கு வடக்கேயும், முன்பு நெல் விளைந்து இப்போது வீடு விளைகிற இடத்தில் செல்வவிநாயகர் நகர் என்று ஒரு நகர் உண்டு. அங்கே மனை வாங்கினவர்கள் எல்லாரும் ஓய்வு பெற்றவர்கள் அல்லது ஓய்வு பெறப்போகிறவர்கள், எல்லார் வீட்டு கேட்டிலும் ‘நாய்கள் ஜாக்கிரதை’ என்று பலகை தொங்கும், ஒருவர் வீட்டிலும் நாய் கிடையாது. அந்த நகரில் ஒரு குடியரசு தினத்தன்று காலையில், நலச்சங்கத் தலைவர் பிரமநாயகம் அண்ணாச்சி கொடியேற்றிவிட்டு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தபோது, வைத்த கை நெற்றியில் நிற்காமல் அப்படியே இறங்கி வலது காதுக்குப் பின்னால் போய் வறட் வறட்டென்று சொறிய ஆரம்பித்தது. எதிரே வரிசையாக நின்ற சங்க உறுப்பினர்கள் வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பார்கள், அன்றைக்கு முடியவில்லை, ஏனென்றால் அவர்களும் அதே காதுக்குப் பின்னால் அதே வேகத்தில் சொறிந்துகொண்டிருந்தார்கள். தேசிய கீதம் முடியும்வரை யாரும் சொறிவதை நிறுத்தவில்லை, பாடுவதையும் நிறுத்தவில்லை, முடிந்ததும் ஆளுக்கொரு ஆரஞ்சு மிட்டாயை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அதே நேரத்தில் முதல் தெரு முனையில், ‘ஜெபா பியூட்டி பார்லர்’ என்று பலகை போட்ட சின்ன அறையில், ஜெபராணி ஒரு கல்யாணப் பெண்ணுக்கு நூல் போட்டுப் புருவம் எடுத்துக்கொண்டிருந்தாள். நூலின் ஒரு முனை அவள் பல்லில் இருந்தது, மறுமுனை விரலில் இருந்தது, விரல் திடீரென்று காதுக்குப் போனதில் கல்யாணப் பெண்ணின் பாதிப் புருவம் நூலோடு போய்விட்டது. அந்தப் பெண் கத்தவில்லை, அவளும் சொறிந்துகொண்டிருந்தாள். ஜெபராணி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள், எதிரே டிரான்ஸ்பார்மருக்கு அடியில் கிடந்த நாய் பின்னங்காலால் வலது காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டிருந்தது. நாய் நிறுத்தியது, இவளுக்கும் நின்றது. நாய் வயிற்றைச் சொறிந்தது, இவள் கை வயிற்றுக்குப் போனது. ஓகோ, அப்படியா சங்கதி என்று சொல்லிக்கொண்டு, கல்யாணப் பெண்ணுக்குப் பென்சிலால் மிச்சப் புருவத்தை வரைந்து அனுப்பினாள்.

அந்த நாய் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை, எல்லாருக்கும் தெரியும். அந்தப் பக்கத்தில் வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுகிற அன்றைக்கே எங்கிருந்தாவது ஒரு நாய்க்குட்டியைப் பிடித்துவந்து, கம்பிக்கும் சிமெண்டு மூட்டைக்கும் காவலாகக் கட்டிப்போடுவார்கள், அது கொத்தனார் மிச்சம் வைத்ததைத் தின்று, சித்தாள் கழுவி ஊற்றியதைக் குடித்து, வீட்டோடு வீடாக வளரும். வீடு முடிந்து, குடிபோகிற பால்காய்ப்பு அன்று முன்வாசல் வழியாகக் கன்றும் பசுவும் மாலை போட்டுக்கொண்டு உள்ளே வரும், பின்வாசல் வழியாக நாய் வெளியே போகும். பசு புது டைல்ஸில் சாணி போட்டால் லட்சுமி வந்துவிட்டாள் என்று எல்லாரும் கைதட்டுவார்கள், நாய் திரும்ப எட்டிப்பார்த்தால் கல்லை எடுப்பார்கள். இந்த நாய் காத்த வீடு பிரமநாயகம் அண்ணாச்சியின் மாடி வீடு. துரத்துகிற அவசரத்தில் கழுத்தில் கட்டின நைலான் கயிற்றை அவிழ்க்க மறந்துவிட்டார்கள், நாய் வளர்ந்தது, கயிறு வளரவில்லை. அதன் தாயோ தகப்பனோ சடைநாயாக இருந்திருக்க வேண்டும், முடி நீண்டு நீண்டு சிக்குப்பிடித்துச் சகதியும் உண்ணியுமாகத் திரண்டு கட்டிகட்டியாகத் தொங்கியது, முடி இல்லாத இடத்தில் சொறி பிடித்து யானைத் தோலாகியிருந்தது, கயிறு எங்கே முடிகிறது கழுத்து எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாது. கிட்டப் போனால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும், அதனால் எல்லாரும் எட்டிப் போனார்கள்.

அரிப்பு வந்த பிறகு நகர் என்ன செய்தது என்றால், முதலில் பழகிக்கொண்டது. எட்டு மணிக்கு எல்லாருக்கும் முதுகு அரிக்கும் என்று தெரிந்ததால் ஏழேமுக்காலுக்கே சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்கள், வாசல் தூண்களில் சொறிந்து சொறிந்து பெயிண்டு போனதால் தூணுக்குத் தென்னை நார் சுற்றிவைத்தார்கள், பெண் பார்க்க வந்தவர்களிடம் ‘எங்க பக்கம் இது ஒரு மரியாதை’ என்று சொல்லி அவர்களையும் சொறிய வைத்தார்கள். மனை மட்டும் வாங்கிப்போட்டுவிட்டு மஸ்கட்டில் வேலை பார்த்த ஒருவர், அங்கேயும் தனக்கு அரிப்பதாகப் போன் போட்டுச் சொன்னபோது, பத்திரத்தில் பெயர் இருந்தால் சும்மா விடுமா என்று இங்கிருந்து பதில் சொன்னார்கள். தோல் டாக்டர் களிம்பு கொடுத்தார், கொசு மருந்து அடித்தார்கள், கடைசியில் சங்கச் செயலாளர் தாணுமூர்த்தி, அவர் காலேஜில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவர், இது நாயால் வருகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னார். பால்காரர் முதல் எல்லாரும் அதற்கு முன்பே அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள், ஆனாலும் தாணுமூர்த்தி சொன்ன பிறகுதான் அது உண்மையாயிற்று.

கண்டுபிடித்தவுடன் நாயைச் சாக்கில் கட்டி மினி லாரியில் ஏற்றி, ஆற்றைத் தாண்டி, மலையடிவாரத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்கள். தூரம் போகப்போக அரிப்பு குறையவில்லை, கூடவே பசியும் வந்தது, பயமும் வந்தது. அன்றைக்கு மலையில் இடி இடித்திருக்க வேண்டும், இங்கே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும்போதே ரிட்டையர்டு தாசில்தார்களும் பேங்க் மேனேஜர்களும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்கள். ரெண்டு பந்தி சாப்பாடு சாப்பிட்டும் வயிறு நிறையவில்லை. பிறகு எல்லாருக்கும் உள்ளங்கால் கொப்புளித்து எரிய ஆரம்பித்தது, எரிச்சல் நாளுக்கு நாள் கூடி, ஒருநாள் காலையில் சட்டென்று நின்றபோது, ஜன்னலைத் திறந்து பார்த்தால் நாய் டிரான்ஸ்பார்மருக்கு அடியில் படுத்திருந்தது.

அன்றைக்கே பிள்ளையார் கோயில் மண்டபத்தில் அவசரக் கூட்டம் நடந்தது. “பேசாம ஒரு ஊசியப் போட்டு முடிச்சிர வேண்டியதுதானே” என்றார் ஒருவர்.

“முடிக்கலாம். அது முடியும்போது நமக்கு எப்படி இருக்கும்?” என்று தாணுமூர்த்தி கேட்டார்.

ஊசி என்று சொன்னவர் தன் புஜத்தைத் தடவிக்கொண்டார். பிறகு பிரமநாயகம் அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு, “வாயில்லா ஜீவனக் கொல்லுதது பாவம். நாம அப்படிப்பட்ட ஆளுகளா?” என்றார். எல்லாரும் கைதட்டினார்கள், அந்த நிமிஷம் முதல் செல்வவிநாயகர் நகர் ஜீவகாருண்ய நகராயிற்று.

கருணை வந்துவிட்டது, அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. நாய் சம்பந்தப்பட்ட விஷயம் என்றால் பைரவர்தான் என்று அண்ணாச்சியின் வீட்டம்மா சிதம்பரவடிவு சொன்னாள். தேய்பிறை அஷ்டமியன்று நகரே திரண்டு பெரிய கோயிலுக்குப் போய், பைரவருக்கு ஆளுயர வடைமாலை சாத்தி, மிளகுத் தீபம் ஏற்றி, அவருக்குப் பக்கத்தில் நின்ற கல் நாய்க்குப் பாலால் அபிஷேகம் செய்து, சந்தனம் பூசி, கழுத்தில் சம்பங்கி மாலை போட்டு, காதுக்குப் பின்னால் வெண்ணெய் தடவினார்கள், காதுக்குப் பின்னால்தானே அரித்தது. கல் நாய் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு கல்லாக நின்றது. பூஜை நடந்துகொண்டிருக்கும்போதே, பசியோடு நின்ற அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் வயிறு நிறைந்து பெரிய ஏப்பம் ஒன்று வந்தது. பைரவர் இறங்கிவிட்டார் என்று சிதம்பரவடிவு கன்னத்தில் போட்டுக்கொண்டாள், பட்டருக்கும் அப்படித்தான் பட்டது.

வீட்டுக்குத் திரும்பி வந்து பார்த்தால், டிரான்ஸ்பார்மருக்கு அடியில் ஜெபராணி குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் காலி அலுமினியச் சட்டியும், சட்டியை நக்கிக்கொண்டிருந்த நாயும்.

“என்னம்மா போட்டீங்க?” என்றார் அண்ணாச்சி.

“காலையில மிஞ்சின இட்லியும் கொஞ்சம் கருவாட்டுக் குழம்பும் அண்ணாச்சி.”

நகரில் பாதிப்பேர் பரம்பரைச் சைவம். அவர்கள் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நாக்கால் பல்லிடுக்கைத் துழாவினார்கள்.

“பார்லர் வச்சிருக்கீங்க, முடி வெட்டுதது, தேய்ச்சுக் குளிப்பாட்டுதது எல்லாம் உங்க தொழில்தான், நீங்களே இதப் பாத்துக்கிடுங்க” என்று கூட்டத்தில் முடிவாயிற்று. ஜெபராணி மறுக்கவில்லை. அவள் ஒண்டிக்கட்டை, புருஷன் என்று ஒருவன் இருந்து போய்விட்டான், பார்லருக்குப் பின்னால் ஒரு அறையில் குடியிருந்தாள், கடை, அறை இரண்டுக்கும் வீட்டுக்காரர் பிரமநாயகம் அண்ணாச்சிதான். “குணமாகுற வரைக்கும் உள்ள வச்சுக்கிடலாம். குணமானதும் எவன் கேக்கானோ அவன்கிட்டக் குடுத்துரணும். வாடகை வீட்ல நாய் ஆகாது, சொல்லிட்டேன்” என்றார் அண்ணாச்சி. சொந்த வீட்டிலும் ஆகாது என்பதை அவர் சொல்லத் தேவையில்லை.

கால்நடை மருத்துவமனை டாக்டர் ஷர்மிளா பானு நாயைப் பார்த்துவிட்டு, வாசலில் கூட்டமாக நின்று சொறிந்துகொண்டிருந்தவர்களையும் பார்த்துவிட்டு, “இத்தன பேரு வந்திருக்கீங்க, ஒருத்தராவது இவள முதல்லயே தூக்கிட்டு வந்திருக்கலாமே” என்றார். பெண் நாய் என்பதே அப்போதுதான் நகருக்குத் தெரிந்தது. சொறிக்கு ஊசி, உண்ணிக்கு மருந்து, குளிப்பாட்ட ஒரு திரவம், ரத்தம் ஊற மாத்திரை எல்லாம் எழுதிவிட்டு, “கயிறு சதைக்குள்ள போயிருக்கு, மரத்துப்போக ஊசி போட்டுத்தான் எடுக்கணும், ஆனா அதுக்கு முன்னால இந்தச் சடையெல்லாம் போகணும்” என்றார்.

சடையை ஜெபராணிதான் எடுத்தாள். பார்லர் நாற்காலியில் பழைய போர்வையை விரித்து, நாயை அதில் படுக்கவைத்து, கல்யாணப் பெண்களுக்குப் பேசுகிற அதே குரலில் ‘இப்ப முடிஞ்சிரும் ராசாத்தி, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல’ என்று சொல்லிக்கொண்டே, கத்தரிக்கோலால் கட்டி கட்டியாக வெட்டிப் போட்டாள். ஒவ்வொரு கட்டி விழும்போதும் நகரில் எல்லாருக்கும் தோளிலிருந்து ஏதோ பாரம் இறங்கியது, கூன் போட்டு நடந்தவர்கள் நிமிர்ந்தார்கள். மறுநாள் டாக்டர் கயிற்றை எடுத்தபோது மரத்துப்போகிற மருந்து நாய்க்கு மட்டுந்தான் வேலை செய்தது போலிருக்கிறது. நகரில் அத்தனை பேரும் அவரவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அவரவர் வீட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள், பிரமநாயகம் அண்ணாச்சி தன் மாடி வீட்டு முன்வாசலில், பசு சாணி போட்ட அதே இடத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடினார். பிறகு கயிறு வந்துவிட்டது. எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள், காற்று இவ்வளவு தாராளமாக உள்ளே போகும் என்று அதுவரை அவர்களுக்குத் தெரியாது. ஜெபராணி ஆஸ்பத்திரி வராந்தாவில் நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள், நாய் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்து ஒருதரம் வாலை அசைத்தது.

அவள் அதற்குச் சிட்டு என்று பெயர் வைத்தாள். நலச்சங்கம் கூடி, பெயர் வைக்கிற உரிமை சங்கத்துக்கே என்று சொல்லி, தாணுமூர்த்தி எடுத்துக்கொடுத்த பைரவி என்ற பெயரை வைத்தது. சிட்டு என்றால் நாய் திரும்பிப் பார்க்கும், பைரவி என்றால் தாணுமூர்த்தி மட்டும் திரும்பிப் பார்ப்பார்.

மருந்துக் குளியலும், மஞ்சளும் வேப்பெண்ணெயும், முட்டையும் சோறுமாகச் சிட்டு தேறத் தேற நகர் தேறியது. தோல் ஆறி, முதலில் பூனைமுடியாகவும் பிறகு பொன்னிறமாகவும் சிட்டுக்கு முடி வளர்ந்தபோது நகரில் எல்லாரும் கண்ணாடி முன்னால் நின்று கன்னத்தைத் தடவிப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சிட்டுக்குக் கோழிக்கால் உண்டு. முதல் ஞாயிறு சைவ வீடுகளில் வாயைக் கொப்பளித்துத் திருநீறு பூசிக்கொண்டு, ஜெபராணியைக் கூப்பிட்டு, இனிமேல் தயிர்சாதம்தான் போட வேண்டும் என்று கண்டித்தார்கள். அடுத்த ஞாயிறு அவள் தயிர்சாதம் போட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் பிரமநாயகம் அண்ணாச்சி வாடகை விஷயமாக வந்தவர் போல வந்து, வாசலில் நின்று, “பாவம் அது, வளர்ற நாயி. அதுக்கு என்ன இஷ்டமோ அதப் போடுங்க. நாம எதுக்கு இன்னொரு ஜீவன் சாப்பாட்டுல தலையிடணும்?” என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஞாயிறு பன்னிரண்டரை மணிக்குச் சைவ வீட்டு ஆண்கள் எல்லாரும் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டார்கள், அந்த நேரத்தில் யாரும் அவர்களைக் கூப்பிடக் கூடாது.

நகர் முகப்பில் ஒரு பிளக்ஸ் வைத்தார்கள். ‘வாயில்லா ஜீவனை வாழவைத்த வள்ளல்’ என்ற வரிக்குக் கீழே அண்ணாச்சி கும்பிட்டுக்கொண்டிருந்தார், அவருக்கு இரண்டு பக்கமும் நிர்வாகிகள் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள், மூலையில் இருந்த நாய், இன்டர்நெட்டில் எடுத்த வெள்ளைக்கார நாய். ஜெபராணி அதைப் பார்த்துவிட்டுச் சிட்டுவிடம், “ஒன்னய விட அது கொஞ்சம் கலரு” என்றாள்.

சிட்டு குணமாகிவிட்டாள், இனி அவளுக்கு ஒரு வீடு வேண்டும். ஜெபராணி ஒரே ஒரு தடவை அண்ணாச்சியிடம் கேட்டுப் பார்த்தாள், சிட்டு இங்கேயே இருக்கட்டுமே, ராத்திரி பகல் ஒரு சத்தம் கிடையாது, வாசலைத் தாண்டிப் போகாது என்று. “நான் என்ன சொல்லி வச்சேன்?” என்றார் அண்ணாச்சி. அவள் கடைக்குத் திரும்பி வந்துவிட்டாள். எங்கே போனாலும் சிட்டுவைச் சிட்டுவுக்காகவே வைத்துக்கொள்கிற ஆளிடம் போக வேண்டும் என்பது மட்டுந்தான் ஜெபராணியின் கவலை. சங்கத்தின் கவலை வேறு. சிட்டு சாப்பிடுவதும் படுப்பதும் தங்கள் உடம்பில்தான் விழப்போகிறது என்பதால், மகளைக் கட்டிக்கொடுக்கிற மாதிரி உட்கார்ந்து யோசித்தார்கள், மகளுக்குக்கூட அப்படி யோசித்திருக்க மாட்டார்கள். நாய் கேட்டு வந்த டெய்லர் ஒருவர், எங்க வீட்டில் நாங்க சாப்பிடுவதைச் சாப்பிடும், எங்ககூடவே படுத்துக்கொள்ளும் என்றார். நீங்க எதில் படுப்பீர்கள் என்று கேட்டார்கள், பாயில் என்றார், இடுப்பு வலிக்கும் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டார்கள். ஒரு டீச்சரம்மா வந்தார், சிட்டு அவர் கையை முகர்ந்துவிட்டுக் காலடியில் படுத்துக்கொண்டாள், ஆனால் அந்த அம்மாவுக்கு மூன்றாவது மாடி, படியேறி இறங்கினால் முட்டி என்னாவது என்று தாணுமூர்த்தி கேட்டார்.

சித்திரை பிறக்கிற சமயத்தில் செங்கோட்டையிலிருந்து மரக்கடை முதலாளி வேலாயுதம் காரில் வந்து இறங்கினார். பங்களா, காவலுக்கு நாய் வேண்டும், நாய்க்குத் தனி அறை, அறைக்கு ஏசி. அவர் ஏசி என்று சொன்னபோது மண்டபத்தில் விசிறிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றன.

“இருபத்துநாலு மணி நேரமுமா ஓடும்?” என்று கேட்டார் அண்ணாச்சி.

“கரண்டு போனா ஜெனரேட்டர் இருக்கு.”

சிட்டு, முதலாளி கையில் தொங்கிய புதுச் சங்கிலியைப் பார்த்துவிட்டு ஜெபராணியின் சேலைக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டாள். அவள் உடம்பு வெடவெடவென்று ஆடியது, மண்டபத்தில் இருந்தவர்கள் உடம்பும் ஆடியது, டீ டம்ளர்கள் எல்லாம் சட்டையில் கொட்டின.

“அண்ணாச்சி, இவ பயப்படுதா. ஒங்களுக்கே தெரியுதுல்லா?” என்றாள் ஜெபராணி.

“புது இடம்னா அப்படித்தான் இருக்கும். கல்யாணம் ஆகிப் போகும்போது பொண்ணுக அழுகல? போற வீடு வசதியா இல்லையா, அதான் கேள்வி” என்றார் அண்ணாச்சி, நடுங்குகிற கையால் சட்டையைத் துடைத்துக்கொண்டே. கை தூக்கச் சொன்னார்கள், ஜெபராணியைத் தவிர எல்லாக் கையும் நடுங்கிக்கொண்டே உயர்ந்தது.

அந்த வருஷம் ஊரெல்லாம் தார் உருகியபோது செல்வவிநாயகர் நகரில் மட்டும் ஆட்கள் சால்வை போர்த்திக்கொண்டு நடந்தார்கள். மின்விசிறிகளில் ஒட்டடை பிடித்தது, உச்சி வெயிலில் மொட்டை மாடியில் சீட்டு ஆடினார்கள், பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். ஒன்றே ஒன்றுதான் சங்கடம். சாயங்காலமானால் எல்லாரும் எழுந்து போய் அவரவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றார்கள். யாருக்காக நிற்கிறோம் என்று தெரியாது. வீட்டில் பெண்டாட்டி இருக்கிறாள், பேரப்பிள்ளை இருக்கிறது, எல்லாரும் பக்கத்திலேயே கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், ஆனாலும் யாரோ வர வேண்டியிருந்தது, வரவில்லை, நின்று நின்று கண்ணில் தண்ணீர் வந்ததும் உள்ளே போய்ப் படுத்தார்கள். குளிர்ச்சிக்கு அப்படித்தான் கண்ணில் நீர் வடியும் என்று தாணுமூர்த்தி விளக்கம் சொன்னார், அதன்பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பிறகு சிட்டு சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அது நகருக்கு உடனே தெரிந்தது. ஜெபராணி கடையைப் பூட்டிவிட்டு அண்ணாச்சி வீட்டுக்கு ஓடினாள்.

“கழுத்துல சங்கிலி அழுத்துது, வயிறு ஒட்டிப்போச்சு, அவ அங்க தனியா கெடக்கா அண்ணாச்சி. கூட்டிட்டு வந்துருவோம்.”

“கத்திரி முடியட்டும்மா” என்றார் அண்ணாச்சி, போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு. “அக்கினி நட்சத்திரம் கழிஞ்சதும் நானே போன் போட்டுப் பேசுதேன்.”

“அதுக்குள்ள செத்துப்போவா.”

“செத்தா நமக்குத் தெரியாமயா போயிரும்?”

ஜெபராணி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது, அது சிட்டுவின் தண்ணீர். அவர் அதைத் துண்டால் துடைத்துவிட்டு டிவியைப் போட்டார். அவள் மேசைமேல் கடைச் சாவியையும் அறைச் சாவியையும் வைத்துவிட்டு, செங்கோட்டை பஸ் ஏறினாள்.

மரக்கடை முதலாளி வீட்டில் இல்லை. வேலைக்காரம்மா, “கொரைக்கவும் மாட்டேங்கு, திங்கவும் மாட்டேங்கு, மொதலாளி திருப்பி விட்டுரணும்னுதான் சொல்லிட்டு இருக்காரு, நல்லதாப் போச்சு” என்று சொல்லி அறைக் கதவைத் திறந்துவிட்டாள். உள்ளே பனிக்கட்டி மாதிரிக் குளிர். சுவரோரம் சங்கிலியில் கிடந்த சிட்டு தலையைத் தூக்கவில்லை. ஜெபராணி தரையில் உட்கார்ந்து, “சிட்டு” என்றாள்.

அந்த நேரம் செல்வவிநாயகர் நகரில் மாலை காபி நேரம். முதலில் எல்லாருக்கும் காது விடைத்தது. பிறகு இடுப்புக்குக் கீழே ஆரம்பித்த ஏதோ ஒன்று முதுகெலும்பு வழியாக ஏறி, நெஞ்சில் முட்டி, உடம்பைப் போட்டு உலுக்கியது. ரிட்டையர்டு தாசில்தார்கள் டம்ளரை எறிந்துவிட்டுத் தெருவுக்கு ஓடிவந்தார்கள், தாணுமூர்த்தி குதிகுதியென்று குதித்துப் பால்காரரைக் கட்டிக்கொண்டார், சிதம்பரவடிவு அடுத்த வீட்டுக்காரியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ‘வந்துட்டியா, வந்துட்டியா’ என்று கேவினாள், அந்த இரண்டு பேரும் தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் வருஷக்கணக்காகப் பேசாமல் இருந்தவர்கள். பிரமநாயகம் அண்ணாச்சி நடுத்தெருவில் வட்டமாகச் சுற்றிச் சுற்றி ஓடினார், பிறந்ததிலிருந்து அவர் அப்படி ஓடியதில்லை, கல்யாணத்தன்றுகூட அவருக்கு இப்படி இருந்ததில்லை. அப்புறம், யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி, எல்லாம் நின்றுவிட்டது. குளிரும் போனது, பசியும் போனது, கழுத்தில் இருந்த சங்கிலியும் போனது. வெயில் சுள்ளென்று உறைத்தது. எல்லாரும் கட்டிக்கொண்டிருந்தவர்களை விட்டுவிட்டு, வேட்டியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார்கள்.

அதோடு சரி. சிட்டு சாப்பிட்டாலும் படுத்தாலும் அதற்குப் பிறகு நகருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஜெபராணி ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், நாயைப் பற்றி ஒன்றும் கேட்காத ஒரு வீட்டுக்காரரிடம் இடம் பிடித்து, கூரையில் தகரம் போட்ட ஒரு அறையில் கடையை மறுபடி திறந்தாள். நலச்சங்கம் ஒரு தூதுக்குழுவை அனுப்பியது. நாய் நகருடையது, நகர் வளர்த்தது, அதன் சந்தோஷத்தில் நகருக்குப் பங்கு உண்டு, அதை ஜெபராணி ஒருத்தியே எடுத்துக்கொண்டு போனது நியாயமா என்று தாணுமூர்த்தி கேட்டார். “நான் எங்க எடுத்தேன் சார்? அவ குடுக்கல” என்றாள் அவள், வேலையை நிறுத்தாமல். குழு திரும்பிப் போய், தெருவில் திரிந்த மற்ற நாய்களுக்கெல்லாம் பிஸ்கட் போட்டுப் பார்த்தது. நாய்கள் பிஸ்கட்டைத் தின்றன, யாருக்கும் எதுவும் ஆகவில்லை, பிஸ்கட் போடுவதையும் நிறுத்திவிட்டார்கள்.

ஆனி மாதம் ஒரு கல்யாணத்துக்காகச் சிதம்பரவடிவு தலைக்குச் சாயம் போட ஜெபராணியின் புதுக் கடைக்குப் போனபோது, துணைக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டு அண்ணாச்சியும் போனார். வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார். படியோரம் வேப்பமர நிழலில் சிட்டு படுத்திருந்தாள், பொன்னிற முடி காற்றில் அசைந்தது, கழுத்தில் ஒன்றும் கட்டியிருக்கவில்லை, முன்பு கயிறு இருந்த இடத்தில் மட்டும் முடி முளைக்காமல் ஒரு கோடு கழுத்தைச் சுற்றி ஓடியது. அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்து நீட்டி, மெதுவாக, யாரும் கேட்காதபடி, “சிட்டு” என்றார். சிட்டு எழுந்து வந்தாள். அவர் கையை முகர்ந்தாள், அவர் செருப்பை முகர்ந்தாள். கோபப்படவில்லை, பயப்படவில்லை. பிஸ்கட்டை எடுக்காமல் திரும்பிப் போய், பழைய இடத்தில் சுருண்டு படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணாச்சிக்கு நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று வந்தது. அரிப்பு இல்லை, பசி இல்லை, குளிர் இல்லை, அவருக்குத் தெரிந்த எதுவும் இல்லை, கனமாக வந்து உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்றது. பழையபடி ஆரம்பித்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு அவசரமாகச் சிட்டுவைப் பார்த்தார். சிட்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் எழுந்து போய், தலையில் சாயத்தோடு உட்கார்ந்திருந்த சிதம்பரவடிவிடம், “ஏட்டி, ஒனக்கு இங்க நெஞ்சுல என்னமும் செய்யுதா?” என்று கேட்டார். இல்லையே என்றாள் அவள். தாணுமூர்த்திக்குப் போன் போட்டார், அவருக்கும் ஒன்றும் இல்லையாம். மஸ்கட்டுக்காரருக்குக்கூடப் போட்டுப் பார்த்தார், நான் நல்லா இருக்கேன் அண்ணாச்சி, ஏன் கேக்குதீங்க என்றார் அவர். அண்ணாச்சி போனை வைத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து, நெஞ்சைத் தடவிக்கொண்டே நாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவருக்கு மட்டும்தான் இருந்தது.